அரிசி டின்னுக்குள் ஆறு நாள்

பெரிய சாரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு கல்யாண மண்டபத்தில், கையில் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது. பொதுச் சுகாதாரம் படிக்கிற பெண், மக்கள் நலனை நினைத்துத்தான் எல்லாம் செய்திருப்பாள் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. எனக்கு அப்படி ஒரு நல்லெண்ணமும் கிடையாது. அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும். அதே மண்டபத்தில், அதே மைக்கில், அவர் சொன்னதை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பெரிய சார் என்று நாங்கள் சொன்னது, எங்கள் கல்லூரியில் அந்த ஆய்வை நடத்திய பேராசிரியரை. கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் பெண்களுக்குச் சர்க்கரை வியாதி ஏன் கூடுகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், உடம்பை எவ்வளவு அசைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. நான் அப்போது முதுகலை இரண்டாம் வருடம். வீடு வீடாகப் போய் படிவம் நிரப்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரும் பட்டியலில் வந்தபோது, "உனக்கு ஊர் தெரியும்ல, நீயே பார்த்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வேலை இரண்டு. ஒன்று, நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டதையெல்லாம் கேட்டு எழுதுவது. இன்னொன்று, பெருவிரல் அளவில் ஒரு மெஷின் கொடுத்து ஒரு வாரம் இடுப்பில் மாட்டச் சொல்வது. எத்தனை அடி நடக்கிறார்கள் என்று அது தினமும் எண்ணி வைத்துக்கொள்ளும். வாரம் முடிந்ததும் வாங்கிக் கணினியில் சொருகினால் ஏழு நாள் கணக்கும் வந்து விழும். படிவத்தில் முதலில் 'வேலை நேரத்தில் உடலுழைப்பு' என்று ஒரு பக்கமே இருந்தது. பெரிய சார் அதைக் கிழித்து எடுத்துவிட்டார். "ரொம்ப நீளமா இருக்கும்மா. மெஷின்தான் இருக்கே, அது பொய் சொல்லாது" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். நன்றாகத்தான் ஆட்டினோம்.

மூன்று மாதம் கழித்து, முடிவுகளை ஊர் மக்களிடமே சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுண்டலும் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறும் கொடுத்தோம். ஊர்வாரியாக நடைக் கணக்கைக் கட்டங்களாகக் காட்டும் ஒரு படத்தைப் பெரிய சார் திரையில் போட்டார். அதில் எங்கள் ஊர்ப் பெண்களின் கட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"இந்த ஊர்ப் பெண்கள் ஒரு நாளைக்கு நடக்கிறது, இந்த மண்டபத்தைச் சுத்தி வர்ற தூரம்கூட இல்லைம்மா. அப்புறம் சர்க்கரை வராம என்ன செய்யும்?" என்று சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கையிலிருந்த படிவக் கட்டிலிருந்து ஒரு பெயரைப் படித்து, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். "அம்மா, உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு சார்."

"மாத்திரை?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு சார்."

"பாத்தீங்களா. வீட்டு வேலை, டிவி, சீரியல், தூக்கம். உடம்பு அசையணும்மா. தினமும் சாயந்திரம் இந்த மண்டபத்தை நாலு சுத்துச் சுத்துங்க. செய்வீங்களா?"

மண்டபமே சிரித்தது. ஆண்கள் பின்னால் நின்று கைதட்டினார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "ஆகட்டும் சார்" என்று சிரித்தபடியே உட்கார்ந்தார்.

அது என் அம்மா.

வாரத்தில் ஆறு நாள், விடியும் முன்னே எழுந்து சோறாக்கி, கம்பம்மெட்டு வழியாக மலையேறும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கேரளத்து ஏலக்காட்டில் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து சேர்கிறவள். ஏலச்செடியில் காய் தரையோடு ஒட்டிய தூரில்தான் பிடிக்கும். செங்குத்துச் சரிவில், சேற்றில், குனிந்து குந்தி ஒவ்வொரு தூராக நகர வேண்டும். அவளைத்தான் அந்த மனிதர் மண்டபத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார்.

அவருக்கு அது என் அம்மா என்று தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மைக் வயரைச் சுருட்டினேன், திரும்பப் பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். என் பட்டத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உட்காரும் முன் அம்மா ஒரு தடவை பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வயரைப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அந்தக் கட்டம் எப்படித் தரையில் கிடக்கும்? மெஷின் பொய் சொல்லாதாமே!

"ஏம்மா, அந்த மிஷினை ஒரு வாரம் குடுத்தேன்ல, அதை எங்கன மாட்டியிருந்த?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாட்டுறதாவது. அரிசி டின்னுக்குள்ள துணி சுத்திப் பத்திரமா வச்சிருந்தேன்."

"அரிசி டின்னுலயா?"

"பின்ன? காட்டுல எந்நேரமும் நசநசன்னு தண்ணி. அதுல கொண்டு போயி நனைச்சு, கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்ல சாமானை யாராச்சும் காட்டுக்குக் கொண்டு போவாகளா? ஞாயித்துக்கிழமை எடுத்துக் கட்டிக்கிட்டேன்ல. நல்ல சேலை கட்டி, அதுக்கு மேல."

தலையில் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஜீப்புக்குப் போகிற அத்தனை வீட்டிலும் இதே கதைதான். ஒருத்தி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒருத்தி பீரோவில், பட்டுச்சேலை மடிப்புக்குள். "தெனம் எடுத்துத் தொடச்சு வைப்பேன்" என்றாள் பெருமையாக. காட்டுக்கு என்று கிழிசல் சேலை, ஆம்பிளைச் சட்டை, மழைக்குப் போர்த்த ஒரு பழைய படுதா. வீட்டில் இருக்கும் நாளுக்குத்தான் நல்லது எல்லாம். எங்கள் பெண்கள் கம்மலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். இந்தப் பளபளப்பான சாமானை மட்டும் அட்டை கடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்களா என்ன?

கணினியில் என்ன நடந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மெஷின் அசையாமல் கிடந்த நாளையெல்லாம் 'அணியாத நாள்' என்று தள்ளிவிட வேண்டும் என்பது விதி. ஆறு நாளையும் தள்ளியாயிற்று. மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க மலை ஏறி இறங்கியவள் காலை நீட்டி உட்கார்ந்த அந்த ஒரே நாளை எடுத்து, இதுதான் இவள் வாழ்க்கை என்று திரையில் போட்டுவிட்டார்கள்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்வார்? "ஓகோ" என்று சொல்லி அறிக்கையில் ஓர் அடிக்குறிப்புப் போட்டு முடித்துவிடுவார். அடிக்குறிப்பு யாருக்கு வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது, அதே ஊரில் அதே பெண்களிடம் மெஷினை மறுபடி கொடுத்துச் சரிபார்க்கிறேன் என்றேன். தன் ஆய்வுக்கு ஒரு வால் கிடைக்கிறதே என்று அவருக்கு ஏக சந்தோஷம். "குட், குட்" என்று கையெழுத்துப் போட்டார். போடுங்க சார், நல்லாப் போடுங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உத்தமபாளையத்தில் குடை ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் கிழிந்த குடைத்துணியாக ஒரு கட்டு வாங்கி வந்தேன். தண்ணீர் இறங்காத துணி. அதில் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, மெஷினை உள்ளே வைத்து வாயை மூடித் தைத்து, பெண்கள் காட்டுக்குக் கட்டுகிற பாவாடை நாடாவிலேயே சேர்த்துத் தைத்துவிட்டேன். கழற்றவே முடியாது. "நனஞ்சாலும் கெடாது, கெட்டாலும் நான் பாத்துக்கிறேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் செய்யாத குறை.

ஒரு வாரம் கழித்துக் கணினியில் சொருகினேன். அடேயப்பா! திரையில் கட்டங்கள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து நான் அறையில் தனியாகக் கைதட்டினேன். பெரிய சாருடைய முகம் எப்படிப் போகும் என்று யோசித்தே இரண்டு வேளைச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டேன்.

துறையில் எல்லோரும் இருந்த கூட்டத்தில் படத்தைப் போட்டேன். அரிசி டின் கதையைச் சொன்னபோது மற்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். பெரிய சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜீப்புல போறாங்கன்னு சொல்றியே. மலை ரோட்டுல ஜீப் குலுங்குறதை எல்லாம் மெஷின் அடின்னு எண்ணியிருக்கும். இது நடை இல்லை, குலுக்கல்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னைக் கொன்றது. பழைய படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினார். "மண்டபத்துல நான் பேசினேனே ஒரு அம்மா, அவங்க படிவம் இது. தொழில்: இல்லத்தரசி. நிரப்பினது யாரு? கீழே கையெழுத்து உன்னோடதுதானே?"

என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சொந்த வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பட்டியலில் எங்கள் வீடும் விழுந்தபோது வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தத் தகர வாசலையும், கொடியில் காயும் சேறுபடிந்த சட்டைகளையும் கூடப் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல், அம்மா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், "வீட்டுலதான் இருக்காங்க" என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். படிவத்திலும் அதையே எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னத்த எழுதுற?" என்று கேட்டதற்கு, "சும்மா, வழக்கமா எழுதுறதுதான்" என்றேன்.

ஆகவே, சீரியல் பார்க்கிறவள் என்று அவர் சொன்னது வானத்திலிருந்து விழுந்ததல்ல. நான் எடுத்துக் கொடுத்தது. இதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தணிந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இரண்டு மடங்கானது. என் கையெழுத்தை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினாரே என்று காதுமடல் எரிந்தது.

"ஜீப் குலுக்கல்தானா இல்லையான்னு நீங்களே ஒரு நாள் மெஷினைக் கட்டிக்கிட்டு வந்து பாத்துட்டாப் போச்சு சார்" என்றேன். மற்ற ஆசிரியர்கள் அவரையே பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

அந்த நாளை நான் மிகுந்த கவனத்தோடு ஏற்பாடு செய்தேன். அட்டைக்குப் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லவில்லை. படுதா கொண்டுவரச் சொல்லவில்லை. "சாப்பாடு கொண்டு வரணுமா?" என்று கேட்டார். "வேண்டாம் சார், அங்கனயே கெடைக்கும்" என்றேன். அங்கே பக்கத்தில் எந்தக் கடையும் இல்லை. நெஞ்சறிந்து சொன்ன பொய். பசி என்றால் என்னவென்று படிவம் நிரப்பி அறிந்தவர், ஒரு நாள் வயிற்றாலும் அறியட்டும் என்று நினைத்தேன்.

பளீரென்ற வெள்ளை ஷூவோடு வந்து சேர்ந்தார். ஜீப்பில் அவரை நடுவில் போட்டோம். பெண்களுக்கு அவரை நன்றாகவே நினைவிருந்தது.

"வாங்க சார், மண்டபத்தைச் சுத்த வந்தீகளா?" என்றாள் ஒருத்தி. ஜீப் குலுங்கிச் சிரித்தது.

"சீரியல் பாக்கத்தான் போறோம் சார். இன்னைக்கு நல்ல கட்டம்" என்றாள் இன்னொருத்தி.

சும்மா சொல்லக் கூடாது, அவரும் சிரிக்க முயன்றார். அம்மா தலையில் துண்டைக் கட்டி, கிழிந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓரத்தில் இருந்தாள். அந்தக் கோலத்தில் அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் வசதியாகப் போனது.

ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவருடைய இடுப்பு மெஷினின் சின்னத் திரையில் தெரிந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். குலுக்கலில் ஏறியது கொஞ்சம்தான். "பாத்துக்கங்க சார்" என்று அவரிடமே காட்டினேன். அப்போதே என் வழக்கு ஜெயித்துவிட்டது. அங்கேயே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். யார் அனுப்புவார்?

சரிவில் இறங்கினோம். தூறல் பிடித்துக்கொண்டது. "வேகம் வரணும், வேகம்" என்று மலையாளம் கலந்த தமிழில் கங்காணி விரட்டினார். பெரிய சார் முதல் அரைமணி நேரத்தில் மூன்று தடவை வழுக்கினார். ஷூவுக்குள் அட்டை ஏறி, வெள்ளைச் சாக்ஸ் சிவப்பானபோது பெண்பிள்ளைபோல அலறினார். பெண்பிள்ளைகள் யாரும் அங்கே அலறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒவ்வொரு தூருக்கும் அவர் பக்கத்திலேயே நின்று, "குனிஞ்சு பாருங்க சார், இதுக்குப் படிவத்துல எடமில்லாமப் போச்சுல்ல" என்றேன். என்ன சொல்ல, அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மதியம் எல்லோரும் மரத்தடியில் படுதாவை விரித்து உட்கார்ந்தோம். பெரிய சார் முகம் வெளுத்து ஒரு கட்டையில் சாய்ந்தார். "இங்க எங்கம்மா கடை?" என்றார்.

"மூடியிருக்கு போல சார்" என்றேன்.

என் தூக்குவாளி என் பையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவே இல்லை. அவர் பசியோடு இருப்பதைப் பார்ப்பதற்காக நானும் பசியோடு இருக்கத் தயாராக இருந்தேன். அப்போது அம்மா எழுந்து போய்த் தன் தூக்குவாளியைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ரெண்டு மோர் மிளகாய்.

"சாப்பிடுங்க சார். நான் அப்பவே சாப்ட்டேன்."

சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும். காலையில் மாத்திரையைப் போட்டு நாலு வாய் கஞ்சி குடித்ததுதான். சர்க்கரை மாத்திரை போட்டவர்கள் வேளைக்குச் சாப்பிடாமல் உழைத்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் தூக்குவாளியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தால் அந்த ஆளுக்கு என் பொய் தெரிந்துவிடும். அவர் எழுந்து போகட்டும், பிறகு கொடுக்கலாம் என்று இருந்தேன். அவர் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார். அதைக்கூட ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கங்காணி கூப்பிட, எல்லோரும் சரிவில் இறங்கிவிட்டார்கள். எனக்கு மறந்துபோயிற்று. அதுதான் உண்மை. அவருடைய ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் மறந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து ஒருத்தி, "ஏலே, இங்கன வாங்கடி! அக்கா ஒரு மாதிரியா உக்காந்திருக்காக!" என்று கத்தினாள்.

அம்மா தூரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலைத்துண்டு நழுவிக் கிடந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. கேட்டதற்குப் பதில் குழறியது. கண் எங்கோ போனது.

"யம்மா!" என்று கத்தினேன். "யம்மா, என்னைப் பாரு, யம்மா!"

காட்டில் எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அந்தக் குரலில் பெற்றவளைத்தான் கூப்பிடுவார்கள். இவள் என் அம்மா என்பதும், மண்டபத்தில் தான் எழுப்பி நிறுத்தியவள் இவள்தான் என்பதும் மேலே நின்ற பெரிய சாருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டதை அவர் முகத்தில் பார்த்தேன்.

"சீனி! யாராச்சும் சீனி கொண்டாங்க!"

சீனி இருந்தது மேலே, வேலையாட்களுக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா போடுகிற தோட்டத்துக் கொட்டகையில். பெண்கள் எழும்புவதற்குள் அவர் ஓடினார். இதை எழுத எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் ஓடினார். அந்தச் சரிவில் இரண்டு கையையும் ஊன்றி ஏறி, விழுந்து, ஒரு ஷூவைச் சேற்றில் விட்டுவிட்டு, டப்பாவோடு திரும்பி வந்தார். சீனியைக் கரைத்து அம்மா வாயில் ஊற்றியது நான். மூடியைத் திறந்தது அவர். கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவுக்கு நிதானம் வந்தது. வந்ததும் முதலில் அவரைப் பார்த்து, "கொழம்பு உறைப்பா இருந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பும்போது ஜீப்பில் ஒருவரும் கேலி பேசவில்லை. நடுவழியில் அவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா அன்னைக்கே சொல்லலை?" என்றார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், என் ஆய்வேட்டுக்காக அம்மாவுக்கும் உணவுப் படிவம் நிரப்ப வேண்டிய முறை. காய்ச்சல்காரி மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மதியம் என்ன சாப்ட்ட?"

"சோறும் கருவாட்டுக் கொழம்பும்" என்றாள், கண்ணிமைக்காமல்.

"அதை அவரு தின்னாரும்மா. நீ திங்கல."

"ஆக்குனது நான்தான? எழுது. நீ எழுதாததா?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் குரல் உயரவில்லை. 'எதுவும் சாப்பிடவில்லை' என்று எழுதினேன். என்ன எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை.

பெரிய சார் அறிக்கையைத் திருத்தினார். நான் கேட்காமலே மறுபடியும் அதே மண்டபத்தைப் பிடிக்கச் சொன்னார். அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சுண்டல், எலுமிச்சைச் சாறு. கூரையை முட்டும் கட்டத்தைத் திரையில் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "போன தடவை இந்த மண்டபத்துல ஒரு அம்மாவை நிக்கவச்சுத் தப்பாப் பேசிட்டேன். தப்பு என்னோடது. இவங்க ஒரு நாள் செய்யுற வேலையில பாதியை என்னால செய்ய முடியலை. என்னை மன்னிக்கணும்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை நான் கனவு கண்டது அப்படியே நடந்தது. பெண்கள் கைதட்டினார்கள். போன தடவை கைதட்டிய ஆண்கள் சுண்டலைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா முன்வரிசையில்தான் இருந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் பின்னால் திரும்பினாள். நான் அதே இடத்தில், அதே வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "பாத்தியா? அவரு வாயாலயே சொல்ல வச்சேன்ல?"

"சொன்னாக, சொன்னாக" என்றாள் அம்மா. "அவுக யாரோ எவரோ. தெரியாமப் பேசுனாக, தெரிஞ்சதும் வந்து சொல்லிட்டாக. அவுக மேல எனக்கென்ன கோவம்?"

பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீ எப்ப சொல்லப்போற?" என்றாள்.

இத்தனை மாதமும் நான் யாரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கால் தானாக மேடைப் பக்கம் போனது. மைக்கை எடுத்தேன். ஒலிபெருக்கிக்காரர் ஏற்கெனவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அதை வாயருகே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இது எங்கம்மா. ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போறாக. இல்லத்தரசின்னு எழுதுனது நான்."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அடுக்கினார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரிய சார் நின்று கேட்டாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

அம்மா, "ம்" என்றாள். "வயரைச் சுருட்டிட்டு வா. காலையில ஜீப்பு இருக்கு."